பழைய அமெரிக்க வெள்ளி நாணயம் வாங்கும்போது மேற்பரப்பையும் நிறத்தையும் எடைபோடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஃபிலடெல்ஃபியா நாணயச் சாலை 1807 முதல் 1836 வரை அடித்த கேப்டு பஸ்ட் அரை டாலர்களில் (ஒரு பக்கம் தொப்பி அணிந்த பெண்ணின் மார்பளவு உருவம், மறுபக்கம் கழுகு), ஒரே ஆண்டு, ஒரே கிரேடு எண் (நாணயத்தின் நிலையை மதிப்பிட்டுத் தரும் எண்) கொண்ட இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றுக்கு விவரம் தெரிந்த சேகரிப்பாளர்கள் போட்டி போடுவார்கள். இன்னொன்றை விற்க மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். முதலாவதின் மேல்தோல் இன்னும் யாராலும் சுரண்டப்படாமல் இருக்கிறது என்பதே வித்தியாசம். புழங்கித் தேய்ந்ததை இந்தத் துறையில் யாரும் குறையாக நினைப்பதில்லை. தேய்த்தோ அமிலத்தில் முக்கியோ எடுத்த தோலைத்தான் எவ்வளவு செலவு செய்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆகவே கிரேடு எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் மேற்பரப்பைப் பாருங்கள்.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் ஒரே அடிப்படைதான்: நிறம், பளபளப்பு, தேய்மானம் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். மூன்றில் ஒன்று மட்டும் வேறு மாதிரி பேசினால், நாணயத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

கேப்டு பஸ்ட் அரை டாலரை முதன்மை உதாரணமாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. 1804-க்குப் பிறகு 1836 வரை அமெரிக்கா புழக்கத்துக்கு வெள்ளி டாலர் அடிக்கவில்லை. அதனால் அரை டாலரே பெரிய வெள்ளிக்காசாக வங்கிகளின் இருப்பில் கிடந்தது, வங்கிக்கு வங்கி மாறியது. நிறைய நாணயங்கள் அதிகம் தேயாமல் பிழைத்தது அப்படித்தான். இன்றும் கண்ணைப் பழக்க அந்தக் காலத்து அமெரிக்க வெள்ளியில் இவை ஏராளமாகக் கிடைக்கின்றன. இங்கே சொல்பவை 1794 முதல் 1807 வரையிலான ஃப்ளோயிங் ஹேர், டிரேப்டு பஸ்ட் வகைகளுக்கும் பொருந்தும். வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறோம்.

உலோகமும் எடையும்

1792-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த நாணயங்களில் வெள்ளி 89.24 சதவீதம், மீதி செம்பு. 1837-இல்தான் அது 90 சதவீதமானது. புதிய அரை டாலரின் எடை 13.48 கிராம், விட்டம் ஏறத்தாழ 32.5 மில்லிமீட்டர். டாலர் 26.96 கிராம், கால் டாலர் 6.74 கிராம், டைம் எனும் பத்து சென்ட் காசு 2.70 கிராம். நீரில் எடை பார்த்தால் அடர்த்தி 10.3-ஐ ஒட்டி வர வேண்டும். புழங்கிய நாணயத்தில் எடை கொஞ்சம் குறைந்திருப்பது இயல்பு. கூர்மையாகத் தெரியும் நாணயத்தில் எடை வெகுவாகக் குறைந்திருந்தால் நிறத்தைப் பற்றிய பேச்சுக்கே போக வேண்டாம், போலி என்று ஒதுக்கிவிடுங்கள். 1830-களிலேயே ஜெர்மன் சில்வர் என்ற, வெள்ளியே இல்லாத உலோகக் கலவையில் போலி அரை டாலர்கள் வந்துவிட்டன.

வெளிச்சம்

தவறான விளக்கின் கீழ் எந்த நாணயமும் அசலாகத் தெரியும். டியூப்லைட்டின் பரந்த வெளிச்சம் மயிரிழைக் கீறல்களை அப்படியே விழுங்கிவிடும். அறையை இருட்டாக்கி, ஒற்றைக் குண்டுபல்பு மட்டும் எரியட்டும். 60 அல்லது 75 வாட் பழைய இழைபல்பு கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான, நிறத்தைச் சரியாகக் காட்டும் எல்இடி போதும். விளக்குக்கும் நாணயத்துக்கும் இடையே ஓர் அடி இருக்கட்டும்.

நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடியுங்கள், கீழே மெத்தென்ற துணி விரித்திருக்கட்டும். 5 முதல் 7 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். 10 மடங்கு லென்ஸை ஒரு குறிப்பிட்ட இடத்தில் சந்தேகம் வந்த பிறகு எடுக்கலாம். முதலிலேயே அதை வைத்தால் எல்லாமே கீறலாகத் தெரிந்து தீர்ப்பு குழம்பும்.

முதல் பார்வை: லென்ஸ் இல்லாமல்

கையை நீட்டி முழு நாணயத்தையும் பாருங்கள். எந்த அளவு தேய்ந்த நாணயத்துக்கு எந்த நிறம் இயல்பு என்பது மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

விஎஃப் (வெரி ஃபைன், நடுத்தரத் தேய்மானம்) அளவில் தேய்ந்த அரை டாலரின் வெற்றுப்பரப்பு நடுத்தரச் சாம்பல் நிறமாக இருக்கும். நட்சத்திரங்களைச் சுற்றியும், எழுத்துகளின் அடியிலும், தொப்பியின் மடிப்புகளிலும், கூந்தலின் பள்ளங்களிலும் அந்தச் சாம்பல் கருத்துக்கொண்டே போகும். கன்னம், மார்பு, கழுகின் சிறகு ஓரம் போன்ற மேட்டுப் பகுதிகள் வெளிறித் தெரியும், கைபட்டுக்கொண்டே இருந்த இடங்கள் அவை. கருப்பிலிருந்து வெளிறலுக்கு நிறம் படிப்படியாக மாறுவதை லென்ஸ் வைத்துப் பாருங்கள், எல்லைக்கோடு எங்கும் தெரியாது. பல பத்தாண்டுகள் கைமாறியதால் மட்டுமே வரும் இந்த ஒளியும் நிழலும்தான் இடைநிலை கிரேடுகளில் நாம் தேட வேண்டிய அழகு. புறாக்கழுத்துச் சாம்பல், துப்பாக்கி உலோக நிறம், லேசான பழுப்பு கலந்த சாம்பல் எல்லாமே ஏற்கத்தக்கவை.

எக்ஸ்எஃப் (எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், லேசான தேய்மானம்) அளவில் சாம்பலுக்கு அடியில் எழுத்துகளுக்கு இடையே மினுக்கம் ஒளிந்திருக்கும். ஏயூ (ஏறத்தாழப் புழங்காத நிலை) அளவில் வெற்றுப்பரப்பிலும் பளபளப்பு மிச்சமிருக்கும். நிறம் பொன்பழுப்பாகவோ, விளிம்போரம் நீலம் கலந்தோ இருக்கலாம். கன்னத்திலும் தொப்பியின் உச்சியிலும் மட்டும் மங்கிய சாம்பல் தெரியும்.

வெள்ளைவெளேரென்ற விஎஃப் நாணயத்தைக் கண்டால் அங்கேயே நில்லுங்கள். இருநூறு ஆண்டு பழைய வெள்ளி பைகளிலும் கைகளிலும் புழங்கித் தேய்ந்துவிட்டு வெள்ளையாக இருக்க வழியே இல்லை. பள்ளமும் மேடும் ஒரே வெண்மையாக இருந்தால் அமிலத்தில் முக்கியிருக்கிறார்கள். பரப்பும் மேடும் ஒரே அளவு மின்ன, எழுத்துகளின் வேரில் மட்டும் மெல்லிய கருங்கோடு ஒட்டிக்கொண்டிருந்தால் துணியோ பசையோ கொண்டு தேய்த்திருக்கிறார்கள். துணி எட்டாத மூலையில்தான் அழுக்கு தப்பியிருக்கிறது. புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். இயல்பான சாம்பலில் கருமை நிழலாகப் பரவியிருக்கும். தேய்த்ததில் அது பேனாவால் கோடு இழுத்ததுபோல் திடீரென்று முடியும்.

பளபளப்பு சுழல்கிறதா?

அச்சின் பரப்பில் உலோகம் அழுந்திப் பாய்ந்ததால் உண்டான நுண்ணிய பாய்வு வரிகளே பளபளப்புக்குக் காரணம். இந்த நாணயங்களை, விளிம்பை இறுக்கிப் பிடிக்காத திறந்த வளையத்தில் அடித்ததால் உலோகம் வெளிப்புறமாகத் தாராளமாக ஓடியது. சில அரை டாலர்களில் நட்சத்திரங்கள் விளிம்பை நோக்கி இழுபட்டு நீண்டிருப்பதைப் பார்க்கலாம்.

நாணயத்தை விளக்குக்குக் கீழே சாய்த்து மெதுவாகச் சுழற்றுங்கள். ஒளிப்பட்டைகள் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல மையத்தைச் சுற்றி ஓடினால் வரிகள் உயிரோடு இருக்கின்றன. நிறம் படிந்து மறைந்திருந்தாலும் பட்டை அந்த நிறத்துக்கு அடியிலிருந்து ஓட வேண்டும். நாணயம் முழுவதும் ஒரே நேரத்தில் வெளிறி ஒளிர்ந்து, ஒரே நேரத்தில் அணைந்தால் அந்த வரிகள் கரைந்துவிட்டன.

தேய்மானத்தையும் பலவீனமான அடியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கழுகுக்கு மேலுள்ள வாசகச் சுருள், தோளில் உள்ள கொக்கி, நட்சத்திரங்களின் மையம், சிறகின் மேல்பகுதி ஆகியவை பல நாணயங்களில் சரியாகப் பதியாமலே வெளிவந்தன. அந்த இடங்களில் பளபளப்பு பக்கத்துப் பரப்பைப்போலவே தொடர்ந்தால் அது பலவீனமான அடி. அங்கே மட்டும் நிறம் மங்கி, பளபளப்பு அறுந்திருந்தால் தேய்மானம்.

சுத்தம் செய்த தடயங்கள்

கீறல்: தேய்த்த நாணயத்தில் மயிரிழைக் கோடுகள் ஒரே திசையில் கூட்டமாக ஓடும், அல்லது வட்டம்வட்டமாகச் சுழலும். புழக்கத்தில் விழுந்த கீறல்கள் திசை கெட்டு, நீளமும் ஆழமும் மாறி, அவற்றுக்குள்ளும் சாம்பல் படிந்திருக்கும். பளீரென்று மின்னும் கீறல் புதியது. நாணயச் சாலையில் அச்சை மெருகேற்றியதால் வரும் கோடுகளும் உண்டு. அவை பரப்பிலிருந்து மேலெழும்பி நிற்கும், உருவத்தின் ஓரத்தை எட்டியதும் நின்றுவிடும். சுத்தம் செய்த கீறல் பள்ளமாக இருக்கும், கன்னத்தின் மேலும் ஏறிக் கடக்கும். விளக்கை இடமும் வலமும் மாற்றினால் மேடா பள்ளமா என்பது தெரிந்துவிடும். கன்னத்தில் மட்டும் இணையாகச் சில கோடுகள் இருந்தால் அது பழைய ஆல்பத்தின் பிளாஸ்டிக் தகட்டை இழுத்ததால் வந்த ஸ்லைடு தடம். சுத்தம் செய்ததைவிடச் சிறிய குற்றம்தான். ஆனாலும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

டிப்: அமிலம் கலந்த தயோயூரியா கரைசலுக்குச் சந்தையில் புழங்கும் பெயர் இது. கரைசல் கருமையை எடுக்கும்போது, சல்பைடாக மாறிவிட்ட வெள்ளியையும் சேர்த்தே எடுத்துப் போகிறது. ஒருமுறை, சில நொடி, உயர்ந்த கிரேடு நாணயம் என்றால் பளபளப்பு பெரும்பாலும் தப்பிக்கும். சந்தையும் அதைப் பொறுத்துக்கொள்கிறது. மறுபடி மறுபடி முக்கினால் பாய்வு வரிகள் வழுக்கையாகிச் சுண்ணாம்பு பூசிய தோற்றம் வரும். சரியாக அலசாமல் விட்டால் சில மாதங்களில் மஞ்சள் பழுப்புத் திட்டுகள் கிளம்பும்.

விஸ்ஸிங்: சுழலும் கம்பி பிரஷ்ஷால் செயற்கையாகப் பளபளப்பை உண்டாக்குவது. பிரஷ் தள்ளிய உலோகம் எழுத்துகளின் ஒரு பக்கத்தில் மட்டும் சிறு வரப்பாகக் குவிந்திருக்கும். 10 மடங்கு லென்ஸை இங்கே எடுங்கள்.

சுத்தம் செய்து மறுபடி நிறமேறியது: சந்தையில் அதிகம் புழங்கும் ரகம் இதுதான். 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சேகரிப்பாளர்கள் நாணயங்களைத் துடைத்து மின்ன வைப்பதை நற்பழக்கமாகவே நினைத்தார்கள். சயனைடு கரைசலிலும் முக்கினார்கள். அமெரிக்கச் சேகரிப்பாளர் ஜே. சான்ஃபோர்ட் சால்டஸ் 1922-இல் லண்டனில் அப்படி நாணயம் கழுவ வைத்திருந்த சயனைடைத் தவறிக் குடித்து இறந்தார். அந்தத் தலைமுறை கழுவிய நாணயங்கள் இன்று மறுபடி கருத்திருக்கின்றன. ஆனால் அந்த நிறம், ஏற்கெனவே தோல் உரிந்த பரப்பின்மேல் படிந்தது. நீலமும் ஊதாவும் கலந்து பரப்பு முழுவதும் ஒரே சீராக, ஆழமில்லாமல் தட்டையாக இருக்கும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நிற வேறுபாடு இருக்காது. சாய்த்துப் பார்த்தால் நிறத்துக்கு அடியில் அந்தக் காலத்துக் கீறல்கள் கூட்டமாகத் தெரியும். விலை போதுமான அளவு குறைந்தால் இதை வாங்குவதில் தவறில்லை. அசல் தோல் என்று நம்பி முழு விலை கொடுப்பதுதான் இழப்பு.

நிறத்தின் வரிசை

வெள்ளியின்மேல் கந்தகம் பட்டுச் சல்பைடு படலம் உருவாகிறது. படலத்தின் தடிப்புக்கு ஏற்ப ஒளி குறுக்கிட்டு நிறம் காட்டுகிறது. தடிப்பு கூடக் கூட நிறங்கள் ஒரே ஒழுங்கில்தான் வரும்: முதலில் வெளிர்பொன், பிறகு அடர்பொன், செம்பழுப்பு, ஊதா, நீலம், வெளிர்நீலம். அதன்பின் இரண்டாம் சுற்றாக மஞ்சள், மெஜந்தா, பச்சை. கடைசியில் எல்லாம் அடங்கிக் கரும்சாம்பல்.

விளிம்பில் நீலமும் மையத்தில் வெள்ளியும் இருந்தால் இடையில் ஊதாவும் செம்பழுப்பும் பொன்னும் மெல்லிய வளையமாகவாவது இருக்க வேண்டும். பச்சை இருந்தால் அதற்குமுன் ஒரு முழுச் சுற்று கடந்திருக்க வேண்டும். வெறும் வெள்ளியை ஒட்டிப் பச்சையோ அடர்நீலமோ திடீரென்று நின்றால் யாரோ ரசாயனத்தாலோ சூட்டாலோ ஏற்றிய நிறம் என்று சந்தேகப்படுங்கள். லென்ஸ் வைத்து விளிம்பு எழுத்துகளுக்கு இடையே அந்த எல்லையைத் தேடுவதே நாம் அறிந்த சோதனைகளில் மிகப் பயனுள்ளது.

பழைய அட்டை ஆல்பங்களின் காகிதத்தில் இருந்த கந்தகம் விளிம்பிலிருந்து உள்நோக்கி நிறம் ஏற்றியது. அதனால்தான் வளையமாக அமைந்த நிறங்கள் அதிகம். காகித உறையில் கிடந்தவை வேறு மாதிரி, பரப்பு முழுவதும் மெல்ல மாறும் நிறம் கொள்ளும். அமெரிக்கச் சேகரிப்பாளர் எரிக் பி. நியூமன் பல பத்தாண்டுகள் காத்த நாணயங்கள் 2013 முதல் ஏலத்துக்கு வந்தபோது அவற்றின் நிறங்களே பேச்சாக இருந்தன. அந்த ஏலப் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. கண்ணைப் பழக்க அவற்றைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. மர அலமாரித் தட்டுகளில் வைத்தவற்றில் மேட்டுப்பகுதிகளில் மட்டும் லேசான உராய்வு தெரியலாம்.

செயற்கை நிறத்துக்கு இன்னும் சில அடையாளங்கள் உண்டு. நிறம் உலோகத்தோடு ஒன்றாமல் எண்ணெய்ப்படலம்போல மேலே மிதக்கும். கீறலின் உள்ளே பக்கத்துப் பரப்பைவிட அடர்த்தியாகத் தேங்கியிருக்கும். சொட்டுகளாகவோ தெறிப்பாகவோ தெரியும். நன்றாகத் தேய்ந்த நாணயத்தில் மயில்தோகை நிறங்கள் இருந்தால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். தேய்ந்த பரப்பில் பாய்வு வரிகள் இல்லை, அந்த நிறங்கள் அங்கே உயிரோடு மின்னுவது அரிது.

குறையல்லாத குறைகள்

1794 முதல் 1807 வரையிலான நாணயங்களில் இணையான ஆழமான கோடுகள் கன்னத்திலோ விளிம்போரத்திலோ தெரிந்தால் பதறாதீர்கள். வெற்றுத்தகடு கூடுதல் எடையாக இருந்தால் நாணயச் சாலையிலேயே அரத்தால் ராவிச் சரிசெய்தார்கள். பிறகுதான் அச்சு விழுந்தது. அதனால் அச்சு நன்றாக அழுத்திய இடத்தில் கோடுகள் மங்கியும், அழுத்தம் எட்டாத மேடுகளிலும் விளிம்பிலும் தெளிவாகவும் இருக்கும். உருவத்தின் அடியில் நுழைந்து மறுபக்கம் வெளிவரும். அடித்த பிறகு விழுந்த கீறலோ உருவத்தை வெட்டிக்கொண்டு போகும், ஓரங்களில் உலோகம் பிதுங்கியிருக்கும். ராவிய கோடுகள் முகத்தைக் கெடுத்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். மேற்பரப்பு போலி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

எடை குறைந்த தகடுகளுக்கு நடுவில் வெள்ளிச் செருகல் வைத்ததும் உண்டு, குறிப்பாக 1795 டாலர்களில். அச்சின் உருவம் அந்தச் செருகலின்மேல் இடைவெளியின்றித் தொடர்ந்தால் நாணயச் சாலையின் வேலை. செருகலின்மேல் உருவம் செதுக்கியதுபோல் இருந்தால் பின்னால் யாரோ துளையை அடைத்திருக்கிறார்கள். 2013 ஜனவரியில் 1,00,16,875 டாலருக்கு விற்ற 1794 டாலரிலும் இப்படிப்பட்ட செருகல் இருக்கிறது.

அச்சுகள் ஒன்றோடொன்று மோதிய நிழலுருவங்களும் அச்சு வெடிப்புகளும் இந்தக் காலத்தில் சாதாரணம். அவற்றால் மேற்பரப்பின் மதிப்பு குறையாது.

பக்கவிளிம்பையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அரை டாலரில் ஐம்பது சென்ட், அரை டாலர் என்று சொல்லும் ஆங்கில எழுத்துகள் பக்கவிளிம்பில் பொறித்திருக்கும். அங்கே ராவல், பற்றவைத்த தடம், பரப்போடு ஒவ்வாத பளபளப்பு இருந்தால் அது நகையாகக் கோத்திருந்த நாணயம்.

ஸ்லாபை எவ்வளவு நம்பலாம்

நாணயங்களுக்குக் கிரேடு போடும் பிசிஜிஎஸ், என்ஜிசி நிறுவனங்கள் நாணயத்தை அடைத்துத் தரும் ஸ்லாப் என்ற மூடிய பிளாஸ்டிக் பெட்டி போலிகளைப் பெருமளவு வடிகட்டித் தருகிறது. மேற்பரப்பைப் பொறுத்தவரை அது இறுதித் தீர்ப்பு இல்லை. பழைய நாணயங்களில் லேசான பழைய சுத்தத்தைக் கிரேடு போடுபவர்கள் பலமுறை பொறுத்துக்கொள்கிறார்கள், எண்ணும் கிடைத்துவிடுகிறது. எண்ணுக்குப் பதில் டீட்டெய்ல்ஸ் (குறையுள்ள நாணயம்) என்று எழுதியிருந்தால் காரணத்தைப் படியுங்கள்: சுத்தம் செய்தது, சந்தேகமான நிறம், சூழல் பாதிப்பு, சேதம். கிரேடு போட்ட நாணயங்களை மறுபடி சரிபார்க்கும் சிஏசி நிறுவனம் 2007 முதல் ஒட்டும் பச்சை ஸ்டிக்கர் அந்தக் கிரேடுக்கு நாணயம் உறுதியானது என்று சொல்கிறது, தங்க ஸ்டிக்கர் எண்ணைவிட மேலானது என்று சொல்கிறது. அது பயனுள்ள இரண்டாவது கருத்துதான். ஆனால் ஸ்டிக்கர் இல்லாததாலேயே நாணயம் கெட்டது என்றாகாது, அங்கே அனுப்பாமலே இருந்திருக்கலாம்.

படத்தைப் பார்த்து வாங்கும்போது

படத்தில் பின்னணியும் ஸ்லாபின் லேபிளும் இயல்பான நிறத்தில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். வெள்ளை லேபிள் நீலம் பூத்திருந்தால் நாணயத்தின் நீலத்தை நம்ப வேண்டாம். விற்பவரிடம் மூன்றைக் கேளுங்கள்: ஒற்றை விளக்கின் கீழ் மெதுவாகச் சாய்த்துச் சுழற்றும் குறும்படம் (வீடியோ), ஸ்லாபோடு சேர்த்து எடுத்த படம், திருப்பி அனுப்பும் காலக்கெடுவின் எழுத்து உறுதி. குறும்படம் தர மறுத்தால் விலகுங்கள். பளபளப்பு ஓடுகிறதா என்பதை அசையாத படத்திலிருந்து முடிவு செய்ய முடியாது. நாணயம் கையில் வந்ததும் அன்றைக்கே மேலே சொன்ன விளக்கின் கீழ் பாருங்கள், காலக்கெடுவுக்குள் முடிவெடுங்கள்.

வாங்கிய பிறகு

வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கை விபூதியும் புளியும் போட்டுத் துலக்குவோம். நாணயத்துக்கு அது மரண தண்டனை. துணியாலும் துடைக்காதீர்கள்.

பசை போன்ற பச்சைப் படலம் இருந்தால் அது பிவிசி உறையிலிருந்து வந்தது. அதற்குச் சுத்தமான அசிட்டோன் போதும். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். ஸ்லாபில் இல்லாத நாணயத்தைக் கண்ணாடிக் கிண்ணத்தில் சில நிமிடம் மூழ்க வைத்து, புதிய அசிட்டோனில் ஒருமுறை அலசி, தானாக உலர விடுங்கள். எங்கும் தேய்க்கக் கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ ஊதுபத்தியோ எரியக் கூடாது. அசிட்டோன் வெள்ளியையும் சல்பைடு நிறத்தையும் தொடாது, ஒட்டிய எண்ணெயையும் பிளாஸ்டிக் கசிவையும் மட்டும் கரைக்கும்.

பிவிசி இல்லாத மைலார் உறையிலோ கெட்டியான அக்ரிலிக் பெட்டியிலோ வையுங்கள். ரப்பர் பேண்டு, செய்தித்தாள், பழுப்பு அட்டை மூன்றும் கந்தகம் கக்குபவை, பக்கத்தில் அவை வேண்டாம். ஈரக்காற்றுள்ள ஊரில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அது ஈரம் குடித்ததும் மாற்றிக்கொண்டே இருங்கள்.